வல்லார்பாடம் பெட்டக முனையமும் மின்னணு வினைஞரின் முதற்படியும்

எர்ணாகுளம் கரையில் நின்று பார்த்தால் உப்பங்கழிக்கு அப்பால் வானை முட்டி நிற்கும் பாரந்தூக்கிகள் தெரியும். அவை வல்லார்பாடம் தீவில் உள்ளவை. 2004-ஆம் ஆண்டில் கோஸ்ரீ பாலங்கள் அமையும் வரை தீவு மக்கள் படகையே நம்பியிருந்தனர். வெளியூரார் அதனை மாதா ஆலயத்தைக் கொண்டே அறிந்திருந்தனர். 2011 பிப்ரவரி 11 அன்று பன்னாட்டுச் சரக்குப் பெட்டக முனையம் அங்கே தொடங்கி வைக்கப்பட்டது. இடப்பள்ளியிலிருந்து அதற்கென இடப்பட்ட இருப்புப்பாதையில் 4.62 கிலோமீட்டர் நீரின்மேல் செல்லும் பாலமாகும்.

இம்முனையத்திற்கான சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் நிலம் எடுக்கப்பட்டபோது மூலம்பிள்ளி உள்ளிட்ட ஊர்களில் 316 குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்தது. 2008-இல் அரசு அறிவித்த மறுவாழ்வுத் திட்டத்தில், குடும்பத்திற்கு ஒருவருக்கு வேலை என்பதும் ஒரு வாக்குறுதி. அது நிறைவேறவில்லை என்னும் முறையீடு பின்னர் பல ஆண்டுகள் ஒலித்தது. வாக்குறுதியைக் காப்பது அரசின் கடமை. அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் அதனுடன் சேர்த்து எண்ண வேண்டிய வேறொன்றும் உண்டு. பழைய துறைமுகத்தில் தோள்வலி உடையவனுக்கு வேலை இருந்தது. பெட்டக முனையத்தில் மூட்டை சுமப்போர் இல்லை. இயந்திரத்தை ஓட்டுவோரும் அதனைப் பழுதுபார்ப்போரும் மட்டுமே உள்ளனர். ஆகவே இங்கு வேலை என்பது பெரும்பாலும் திறனைப் பொறுத்தது. அத்திறனுள் ஒன்று, டெக்னீஷியன் என்று பேச்சில் வழங்கும் மின்னணு வினைஞரின் திறன்.

பணியின் தன்மை

ஒரு காலத்தில் மின்னணு வினைஞர் என்றால் வானொலிப் பெட்டியும் தொலைக்காட்சியும் பழுதுபார்ப்பவர் என்றே பொருள். 1973-இல் கேரளம் கெல்ட்ரான் நிறுவனத்தைத் தொடங்கியதும், 1982-இல் வண்ணத் தொலைக்காட்சி வந்ததும் அத்தொழிலுக்கு வீடுதோறும் வாடிக்கையைத் தேடித் தந்தன. அந்தக் கடைகள் இன்று அருகிவிட்டன. மின்னணுவியலோ கடையை விட்டுப் பாரந்தூக்கியிலும் படகிலும் குளிர்பெட்டகத்திலும் ஏறி அமர்ந்துவிட்டது.

குளிர்பெட்டகத்தையே எடுத்துக்கொள்வோம். கடல் உணவு ஏற்றுமதிக்குக் கொச்சி பெயர்பெற்றது; 1972-இல் அமைக்கப்பட்ட கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் தலைமையகமும் இந்நகரிலேயே உள்ளது. உறையவைத்த இறால் பெட்டகத்தினுள் வழக்கமாக உறைநிலைக்குக் கீழ் 18 பாகை செல்சியசில் இருத்தல் வேண்டும். உள்ளே சுழலும் காற்றின் வெப்பத்தைத் தெர்மிஸ்டர் என்னும் சிறு உணரி அளக்கிறது. குளிர் கூடக் கூட அதன் மின்தடை உயரும். 25 பாகையில் 10,000 ஓம் காட்டும் உணரி, 0 பாகையில் ஏறத்தாழ 32,650 ஓம் காட்டும்.

இனி, இணைப்பு ஒன்றில் உப்புக்காற்றால் துரு ஏறிவிட்டது எனக் கொள்வோம். துருவின் தடையும் உணரியின் தடையோடு சேர்ந்துவிடும். கட்டுப்பாட்டுக் கருவி அதனைக் கண்டு, உள்ளே இருப்பதைவிட அதிகக் குளிர் இருப்பதாகத் தவறாக முடிவு செய்து அழுத்தியை நிறுத்திவிடும். திரையில் எண் சரியாகவே இருக்கும், இறாலோ இளகிக்கொண்டிருக்கும். இங்கே திரையை மட்டும் படிக்கத் தெரிந்தவரால் பயனில்லை. உணரியைக் கழற்றி, நொறுக்கிய பனிக்கட்டியும் தூய நீரும் கலந்த கலத்தில் ஆழ்த்தி, 0 பாகையில் அதன் தடையை அளந்து அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். உணரி சரியென்றால் குற்றம் கம்பியிலோ இணைப்பிலோ உள்ளது. பனிக்கட்டியும் மல்டிமீட்டரும் கொண்டு செய்யும் இந்தச் சோதனை ஒரு பெட்டகச் சரக்கையே காப்பாற்றிவிடும். பயிற்சி நிலையத்தின் முதலாண்டிலேயே இதனைக் கற்பிக்க எத்தடையும் இல்லை.

பாரந்தூக்கியின் பணி வேறு வகையானது. மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ், இயக்க வரிசையைக் காக்கும் பி.எல்.சி., சுழற்சியை எண்ணும் என்கோடர், எல்லை மீறாமல் நிறுத்தும் லிமிட் சுவிட்சு ஆகியன அதில் உள்ளன. புதியவர் முதலில் கற்க வேண்டியது பாதுகாப்பேயாகும். 415 வோல்ட் மின்னோட்டத்தில் இயங்கும் டிரைவினுள் நேர்மின்னழுத்தம் 580 வோல்ட்டுக்கும் மேல் நிற்கும். விசையை அணைத்த பின்னும் மின்தேக்கிகளில் அது சில நிமிடங்கள் தங்கியிருக்கும். அணைத்தவுடன் கைவைப்பவரின் உயிருக்கு உறுதியில்லை.

ஊதியம்

மின்னணு மெக்கானிக் பிரிவில் தொழிற்பயிற்சி நிலையப் படிப்பு இரண்டாண்டுகள்; பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதுமானது. அதன்பின் வழக்கமான வழி, 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் பயிற்சி பெறுவது. கொச்சியில் கப்பல் கட்டும் தளமும் கடற்படையின் கப்பல் பழுதுபார்க்கும் தளமும் பழகுநர்களைச் சேர்க்கின்றன. 2019-ஆம் ஆண்டு விதித் திருத்தம் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் பெற்றவருக்கு மாதம் 7,000 ரூபாயைக் குறைந்தபட்ச உதவித்தொகையாக நிர்ணயித்தது. 2025 மே மாதத்தில் மத்திய தொழிற்பழகுநர் குழு இத்தொகைகளை 36 சதவீதம் உயர்த்தப் பரிந்துரை செய்தது. வெளியூரிலிருந்து வந்து கொச்சியில் அறை எடுத்துத் தங்கும் இளைஞனுக்கு 7,000 ரூபாய் எம்மட்டு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இது சம்பளமன்று, கற்கும் காலத்து உதவி என்பது சட்டத்தின் விளக்கம். வாடகை கேட்பவர் அவ்விளக்கத்தை ஏற்பதில்லை.

நிரந்தர அரசுப் பணியில் நிலை வேறு. ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணைப்படி, இரயில்வேயில் மூன்றாம் நிலை டெக்னீஷியனின் தொடக்க அடிப்படை ஊதியம் 19,900 ரூபாய். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் தொழிற்பயிற்சிச் சான்றிதழுடன் சேரும் ‘டெக்னீஷியன் பி’க்கு 21,700 ரூபாய். அதே நிறுவனத்தில் முதல் வகுப்புப் பட்டயத்துடன் ‘டெக்னிக்கல் அசிஸ்டெண்டாக’ச் சேர்பவருக்கு 44,900 ரூபாய். படிகள் இவற்றுக்குப் புறம்பானவை.

கடைசி இரண்டு எண்களையும் மாணவர்கள் மறுமுறை நோக்குதல் நலம். ஒரே கூடத்தில், அடுத்தடுத்த மேசைகளில் பணியாற்றக்கூடிய இருவரின் அடிப்படை ஊதியம் இரு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. இந்த இடைவெளியைக் கடக்கும் வழியோ எட்டாத ஒன்றன்று. இரண்டாண்டுத் தொழிற்பயிற்சி முடித்தவர், மாநில விதிகளுக்கு உட்பட்டு, பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். மேலும் இரண்டாண்டுகள் படித்தால் பட்டயம் கைக்கு வரும். பட்டயம் பெற்றவர் பொறியியற் பட்டத்தின் இரண்டாம் ஆண்டிலும் அவ்வாறே சேரலாம். குடும்பச் சுமை காரணமாகப் பதினெட்டு வயதில் வேலைக்குப் போனவர்களில் பலர் இந்த வழியை அறியாமலே இருந்துவிடுகின்றனர்.

கடல்வழியும் ஒன்று உண்டு. மாலுமிகளின் தகுதி பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையில் 2010-இல் மணிலாவில் செய்யப்பட்டு 2012-இல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள், கப்பலின் மின், மின்னணுக் கருவிகளுக்கெனத் தனி அதிகாரிப் பதவியை வகுத்தன. பட்டயமோ பட்டமோ பெற்று, உரிய பயிற்சியும் முடித்தவர் அதற்குச் செல்லலாம். கரையிலேயே இருக்க விரும்புவோருக்கு, 2023-இல் ஓடத் தொடங்கிய கொச்சி நீர்வழி மெட்ரோவின் மின்கலப் படகுகள் புதுவகைப் பணியைக் கொண்டுவந்துள்ளன. மின்கலத் தொகுதியின் மேலாண்மை பழைய பாடத்திட்டத்தில் இடம்பெறாத பொருள்.

பதிவேட்டில் உள்ள பெயர்

தனியார் துறையில் தொடக்க நிலையினர் பெரும்பாலும் ஒப்பந்ததாரரின் ஆட்களாகவே நுழைகின்றனர். இங்கு அதிகாரிகள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதிய அறிவிப்புகள் தொழிலாளரைத் திறனற்றோர், பகுதித் திறனுடையோர், திறனுடையோர், மிகு திறனுடையோர் என நான்காகப் பிரிக்கின்றன. இரண்டாண்டுப் பயிற்சியும் சான்றிதழும் பெற்று, டிரைவைத் திறந்து பழுதுபார்க்கும் இளைஞனின் பெயர் ஊதியப் பதிவேட்டில் ‘உதவியாள்’ என்று எழுதப்படுமாயின், அவனுக்குக் கிடைப்பது கீழ்ப்படியின் ஊதியமே. பணிச்சான்றிதழிலும் அச்சொல்லே ஏறும். அடுத்த நிறுவனத்தில் அனுபவமாக அது கொள்ளப்படாது. எனவே ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் பதிவேட்டில் தொகையை மட்டும் சரிபார்த்து மீளலாகாது. அந்த ஆள் கையில் எந்தக் கருவியை வைத்திருக்கிறான் என்பதையும் பார்த்து வருதல் வேண்டும்.