சாங்கித் தொட்டிக்குள் ஒரு நொதியின் வேலை

சிங்கப்பூரின் தண்ணீர்க் கதையைச் சொல்பவர்கள் சவ்விலிருந்துதான் தொடங்குகிறார்கள். 2003இல் பிடோக்கிலும் கிராஞ்சியிலும் கழிவுநீரை மீளச் சுத்திகரிக்கும் புதுநீர் ஆலைகள் திறக்கப்பட்ட காலத்திலிருந்து நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடு பரவல், புற ஊதாக் கதிர் என்ற மூன்று படிகளும் இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். அந்தப் பெருமை நியாயமானதே. ஆனால் சவ்வை வந்தடையும் தண்ணீர் அதற்கு முன்பே பெருமளவு சுத்தமாகிவிடுகிறது. அந்த முன்வேலையைச் செய்பவை பாக்டீரியாக்கள். கழிவிலுள்ள நைட்ரஜனை மீண்டும் காற்றுக்கே அனுப்பும் வேலையோ, நைட்ரைட் என்ற சிறு அயனியைக் கையாளும் சில நொதிகளின் பொறுப்பில் இருக்கிறது. இந்தத் தீவு வரும் ஆண்டுகளில் கழிவுநீருக்காக எவ்வளவு மின்சாரம் செலவிடும், அதனால் எவ்வளவு வெப்பவாயு வெளியேறும் என்ற இரண்டு கேள்விகளும் அந்த நொதிகளை நாம் எந்த அளவுக்குப் புரிந்துகொள்கிறோம் என்பதில் வந்து நிற்கின்றன. இதை உயிர்வேதியியல் ஆய்வகத்தின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவைப்பது தவறு.

தேக்காச் சந்தையில் மீன் கழுவிய நீர், சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடைகளில் பாத்திரம் துலக்கிய நீர், ரோவெல் சாலைக் கடைவீடுகளின் கழிப்பறை நீர் எல்லாம் பூமிக்கடியில் ஒன்றுசேர்கின்றன. மனிதர் ஒருவரின் சிறுநீரில் மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம் நைட்ரஜன் போகிறது. 1987 வரை இந்த நகரின் சில பகுதிகளில் கழிவை வாளியில் சுமந்து அகற்றினார்கள். இன்று தீவின் வடக்கு, கிழக்குப் பகுதிகளின் கழிவுநீர் கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளும் ஆழ்சுரங்கம் வழியாக, 2009இல் திறக்கப்பட்ட சாங்கி நீர் மீட்பு நிலையத்தை அடைகிறது. நாளொன்றுக்கு 800,000 கன மீட்டர் நீரைக் கையாளும் திறனுடன் தொடங்கிய நிலையம் அது. வரும் வழியிலேயே யூரியா உடைந்து அம்மோனியாவாகிவிடும். தொட்டிக்குள் காற்றை ஊதினால் ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொருவகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். பிறகு காற்றை நிறுத்திவிட்டால் வேறு பாக்டீரியாக்கள் சுவாசிக்க ஆக்சிஜன் இல்லாமல் நைட்ரேட்டை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரிக் ஆக்சைடாகவும் ஒடுக்கி, கடைசியில் நைட்ரஜன் வாயுவாக விட்டுவிடும். ஏறும்போதும் இறங்கும்போதும் நைட்ரைட்டைத் தொடாமல் எந்தப் பாதையும் இல்லை.

நைட்ரைட்டிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற இந்த ஒரு படியில்தான் கரைந்திருக்கும் உப்பு வாயுவாக மாறுகிறது. அதுவரை நைட்ரஜனைத் தண்ணீரிலேயே பிடித்துவைக்கலாம், அதன்பின் முடியாது. வேதியியல் கணக்கில் பார்த்தால் மிகச் சிறிய வேலை: ஒரு நைட்ரைட், ஒரு எலக்ட்ரான், இரண்டு புரோட்டான் உள்ளே போனால் ஒரு நைட்ரிக் ஆக்சைடும் ஒரு தண்ணீர் மூலக்கூறும் வெளியே வரும். இந்தச் சிறு வேலைக்கு இயற்கை ஒன்றோடொன்று உறவே இல்லாத இரண்டு நொதிகளைத் தனித்தனியாக உருவாக்கியிருக்கிறது. ஒன்று செம்பால் இயங்குவது, மற்றது இரும்பால் இயங்குவது. பெரும்பாலான பாக்டீரியா இனங்கள் இரண்டில் ஒன்றைத்தான் வைத்திருக்கின்றன.

செம்பு நொதியின் முப்பரிமாண அமைப்பு 1991இல் அக்ரோமோபாக்டர் சைக்ளோகிளாஸ்டஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து முதலில் தெரியவந்தது. ஒரே மாதிரியான மூன்று புரதத் துண்டுகள் வட்டமாக ஒட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு என மொத்தம் ஆறு செம்பு அணுக்கள். முதல் வகைச் செம்பு ஒரு துண்டின் மேற்பரப்புக்கு அருகில் இருந்துகொண்டு, வெளியிலிருந்து வரும் சிறு புரதத்திடம் எலக்ட்ரானை வாங்குகிறது. நொதிக்குப் பச்சை அல்லது நீல நிறம் தருவதும் இதுதான். இரண்டாம் வகைச் செம்பு இரண்டு துண்டுகள் சந்திக்கும் இடுக்கில், ஒரு பள்ளத்தின் அடியில், மூன்று ஹிஸ்டிடின்களும் ஒரு தண்ணீர் மூலக்கூறும் பிடித்திருக்க அமர்ந்திருக்கிறது. வேலை நடப்பது இங்கேதான். இரண்டு செம்புக்கும் இடையே ஏறத்தாழ 1.25 நானோமீட்டர் தூரம். புரதச் சங்கிலியில் அடுத்தடுத்து நிற்கும் ஒரு சிஸ்டீனும் ஒரு ஹிஸ்டிடினும் ஆளுக்கொரு செம்பைப் பிடித்திருப்பதால், அந்த இணைப்பே எலக்ட்ரான் கடக்கும் பாலமாகிறது. நைட்ரைட் வந்து தண்ணீரைத் தள்ளிவிட்டுத் தன் ஆக்சிஜன் அணுக்களால் செம்பைப் பற்றுகிறது. அருகிலிருக்கும் ஆஸ்பார்ட்டிக் அமிலமும் இன்னொரு ஹிஸ்டிடினும் புரோட்டான்களைக் கைமாற்ற, நைட்ரஜன்–ஆக்சிஜன் பிணைப்பு ஒன்று முறிகிறது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் வரிசை. நைட்ரைட் வருமுன்பே இரண்டாம் செம்புக்கு எலக்ட்ரான் போய்விட்டால், அது தன் தண்ணீரை இழந்து, நைட்ரைட்டை எளிதில் ஏற்காத நிலைக்குப் போய்விடக்கூடும். அதனால் நைட்ரைட் அமர்ந்தபின் எலக்ட்ரான் பாய்வது எளிதாகும்படி அமைப்பு இருக்கிறது. ரயில் சரியான இடத்தில் நின்ற பிறகே எம்ஆர்டி நடைமேடைக் கதவு திறப்பதைப் போல. இரண்டு வரிசைகளும் சாத்தியம், அமிலத்தன்மையையும் நைட்ரைட்டின் செறிவையும் பொறுத்து ஒன்று மேலோங்கும் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. நொதியின் வேகம் சுற்றியுள்ள நீரின் தன்மையோடு இப்படி நேரடியாகக் கட்டுண்டிருப்பது நிலையத்தை இயக்குபவருக்கும் முக்கியமான செய்தி.

இரும்பு நொதியின் அமைப்பு 1995இல் வெளிவந்தது. இரண்டு துண்டுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஹீம் வளையங்கள். ஒன்று எலக்ட்ரானை வாங்கும், மற்றதில் நைட்ரைட் வந்து உட்காரும். செம்பை ஆக்சிஜனால் பற்றிய நைட்ரைட், இரும்பை நைட்ரஜனால் பற்றுகிறது. நைட்ரிக் ஆக்சைடு சாதாரண ஹீமின் இரும்பைப் பிடித்தால் லேசில் விடாது. அப்படியானால் இந்த நொதி முதல் சுற்றிலேயே அடைபட்டுப் போயிருக்க வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் டி1 என்ற தனி ஹீம். அதன் வளையத்தில் கூடுதலாக உள்ள ஆக்சிஜன் தொகுதிகள் எலக்ட்ரானைத் தம் பக்கம் இழுப்பதால் இரும்பின் பிடி தளர்ந்து, விளைபொருள் விரைவில் வெளியேறுகிறது. மூன்றாவதாக ஒரு நொதியும் உண்டு. நம் குடலில் வாழும் ஈ.கோலையிடம் இருப்பது. ஐந்து ஹீம்கள் கொண்ட அது, ஆறு எலக்ட்ரான்களைக் கொடுத்து, இடையில் எதையும் வெளியே விடாமல் நைட்ரைட்டை மறுபடி அம்மோனியாவாகவே மாற்றிவிடும். கழிவுநீர் நிலையத்தின் நோக்கத்துக்கு நேர் எதிரான வேலை. ஒரே தொட்டியில் இந்த மூன்றும் இருக்கின்றன, ஒரே நைட்ரைட்டுக்காகப் போட்டியிடுகின்றன.

படிகத்தில் உறைந்துபோன புரதத்தை வைத்து உயிருள்ள தொட்டியைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. ஆனால் இந்தப் படங்கள் வெறும் ஊகம் அல்ல. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் முடியாது என்று வகுத்த வரைபடம்தான் இன்றும் உலகெங்கும் ஒவ்வொரு புரத அமைப்பையும் சோதிக்கும் அளவுகோல். நைட்ரைட் நொதிகளும் அந்தத் தேர்வைக் கடந்தே வந்தன. மேலும், செம்பு நொதியின் படிகத்தில் எக்ஸ்-கதிர் பட்டாலே எலக்ட்ரான்கள் பிறந்து செம்புக்குப் போகின்றன. இதைப் பயன்படுத்தி ஒரே படிகத்தை அடுத்தடுத்துப் படம்பிடித்து, நைட்ரைட் வந்து அமர்வதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடாவது வரை படிப்படியாகப் பார்த்தார்கள். 2016இல் இங்கிலாந்தில் வெளிவந்த அந்த வேலைக்குப் பிறகு, படிகம் செத்த பொருள் என்ற வாதத்தின் வலு மிகவும் குறைந்துவிட்டது.

இனி சாங்கிக்கு வருவோம். அங்கே நாளொன்றுக்கு 200,000 கன மீட்டர் நீர் ஓடும் வரிசை ஒன்றில் நைட்ரஜன் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, பாடப்புத்தக வழியில் மட்டும் அத்தனையும் மறைந்திருக்க முடியாது என்று தெரிந்தது. அம்மோனியாவின் ஒரு பங்கு நைட்ரைட்டோடு நின்றுவிடுகிறது. மீதி அம்மோனியாவை அந்த நைட்ரைட்டோடு சேர்த்து, ஆக்சிஜன் இல்லாமலேயே நைட்ரஜன் வாயுவாக்கும் அனமாக்ஸ் பாக்டீரியாக்கள் யாரும் கொண்டுவந்து விடாமலே அங்கு குடியேறியிருந்தன. ஆய்வாளர் சாவோ யேஷியும் பொதுப் பயனீட்டுக் கழகத்துச் சகாக்களும் நெதர்லாந்தின் மார்க் வான் லூஸ்ட்ரெக்ட் போன்றவர்களும் இதை ஆய்விதழ்களில் பதிவு செய்தார்கள். ஐரோப்பாவில் குளிர்காலக் கழிவுநீரில் இதைச் செய்யப் படாதபாடு படுகிறார்கள். இங்கோ நீரே 28 முதல் 32 டிகிரி வெப்பத்தில் வருகிறது. அந்த வெப்பத்தில் நைட்ரைட்டை உருவாக்கும் பாக்டீரியா அதை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவைவிட வேகமாகப் பெருகும். காற்றுள்ள அறையும் காற்றில்லாத அறையும் மாறிமாறி வரும் அமைப்பு மீதியைச் செய்தது. இதனால் பலன் பெரிது. அம்மோனியாவை முழுவதும் நைட்ரேட்டாக்க, ஒரு கிலோ நைட்ரஜனுக்கு 4.57 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அனமாக்ஸ் வழியில் அதில் ஏறத்தாழ 60 சதவீதம் மிச்சம். கழிவுநீர் நிலையத்தின் மின்சாரத்தில் பாதியளவைக் காற்று ஊதுவதே விழுங்குகிறது என்பதை நினைத்தால் இதன் எடை புரியும்.

இங்கேதான் நொதி பற்றிய அறிவு கட்டாயமாகிறது. காற்றைக் குறைத்து நைட்ரைட்டைத் தேக்கிவைத்தால், அம்மோனியாவை உண்ணும் பாக்டீரியாக்களே தங்களிடமுள்ள செம்பு நொதியால் அந்த நைட்ரைட்டை நைட்ரிக் ஆக்சைடாக்கி, பிறகு நைட்ரஸ் ஆக்சைடாக்கும். அதை நைட்ரஜனாக முடித்துவைக்கும் கடைசி நொதி அவற்றிடம் இல்லை. அந்த நொதி வைத்திருக்கும் மற்ற பாக்டீரியாக்களிலும் ஆக்சிஜன் பட்டால் அது எளிதில் முடங்கும். ஆக, வேலை பாதியில் நின்று நைட்ரஸ் ஆக்சைடு காற்றில் ஏறுகிறது. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ நைட்ரஜனில் 1 சதவீதம் இப்படிக் கசிந்தால் 4.3 கிலோ கரியமில வாயுவுக்கு நிகர். அதே ஒரு கிலோவுக்கு அனமாக்ஸ் மிச்சப்படுத்தும் காற்றூட்டல் மின்சாரமோ ஏறத்தாழ 1.5 யூனிட். சிங்கப்பூர் மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோ கரியமில வாயுவை வெளியிடுவதால், மிச்சம் வெறும் 0.6 கிலோ. அனமாக்ஸுக்குத் தேவைப்படாததால் மிஞ்சும் கரிமத்தைச் செரிகலத்தில் உயிரி எரிவாயுவாக்கிக் கிடைக்கும் மின்சாரத்தைத் தாராளமாகச் சேர்த்தாலும் அந்த 1 சதவீதக் கசிவை ஈடுகட்ட முடியாது.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. எதிர்ச் சவ்வூடு பரவல் நைட்ரேட்டைப் பெரும்பாலும் தடுத்துவிடுமே, நைட்ரஜனுக்காக ஏன் இவ்வளவு தலைவலி என்பது ஒன்று. சாங்கியின் நீர் அனைத்தும் புதுநீராவதில்லை. மீதி ஐந்து கிலோமீட்டர் குழாய்கள் வழியாகச் சிங்கப்பூர் நீரிணைக்குப் போகிறது. சவ்வு தடுத்துவைப்பதும் எங்கும் மறைந்துவிடுவதில்லை, செறிந்த கழிவாக வேறெங்கோ போய்ச்சேரும். இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது: சாங்கியில் அனமாக்ஸைக் கண்டுபிடித்தது கணக்குத்தான், செம்பு அணுவின் படம் இல்லை. ஆக்சிஜன் அளவியும் காற்று வால்வும் போதாதா? கண்டுபிடிக்க அது போதுமாக இருந்தது, உண்மை. தக்கவைக்கவும் கசிவை அடைக்கவும் அது போதாது. ஒரே ஆக்சிஜன் அளவில் இரண்டு நிலையங்கள் வேறுவேறு விதமாக நடந்துகொள்கின்றன. நேரடி அளவீடு இல்லாத நிலையங்களுக்குப் பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2019இல் தந்த சராசரிக் கசிவு 1.6 சதவீதம், ஆனால் அதன் வீச்சு 0.016 முதல் 4.5 சதவீதம் வரை. இவ்வளவு அகலமான வீச்சுக்கு ஒரு முக்கியக் காரணம் எந்தத் தொட்டியில் எந்த நொதி எந்த நேரத்தில் எலக்ட்ரானைப் பெறுகிறது என்பதே. சாங்கியில் காணப்பட்ட பிரோகேடியா வகை இன்னொரு புதிரையும் தருகிறது. அதன் நெருங்கிய உறவான பிரோகேடியா சினிக்காவின் மரபணுத் தொகுப்பில் மேலே சொன்ன செம்பு நொதியும் இல்லை, இரும்பு நொதியும் இல்லை. நைட்ரைட்டை அது வேறு வழியில் ஒடுக்குகிறது. தன் தொட்டியில் தானாக வளர்ந்த உயிரின் நைட்ரைட் நொதியைத் தேடிக் கண்டுபிடிக்க சிங்கப்பூரைவிடப் பொருத்தமான இடம் வேறு எது? நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2011 முதல் சுற்றுச்சூழல் நுண்ணுயிர்களுக்கென்றே ஓர் ஆய்வு மையம் இயங்குகிறது. ஆட்களும் இருக்கிறார்கள், கருவியும் இருக்கிறது.

துவாஸில் நாளொன்றுக்கு இன்னொரு 800,000 கன மீட்டர் நீரைக் கையாளும் நிலையம் எழுகிறது. பக்கத்திலேயே குப்பை எரிக்கும் ஆலையும் உணவுக்கழிவு செரிகலமும். மின்சாரத்தில் தன்னிறைவு என்பது அதன் வாக்குறுதி, வரவேற்க வேண்டியதே. ஆனால் மின்கணக்கு மட்டும் போதாது. ஒவ்வொரு தொட்டியின் மேலும் நைட்ரஸ் ஆக்சைடை இடைவிடாமல் அளக்கும் கருவியைப் பொருத்தி, அந்த எண்ணை மின்சார எண்ணுக்குப் பக்கத்திலேயே பொதுப் பயனீட்டுக் கழகம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அதற்குத் தண்ணீர்க் கட்டணத்தில் சில காசு கூடினாலும் இந்நாட்டு மக்கள் அதைக் கொடுக்கத் தயங்கக் கூடாது.