அணையாத அழற்சி

நுழையும்முன்

இதயம் தளர்வதை இதயத்தின் நோயாக மட்டுமே கருதுகிறோம். உடலெங்கும் கிளைத்துச் செல்லும் குருதிக்குழாய்களுக்கும் அதில் பங்குண்டு. உடலைக் காக்கத் தோன்றும் அழற்சியே உடலுக்குப் பகையாவது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இதயச் செயலிழப்பு என்றவுடன் இதயத் துடிப்பு நின்றுவிட்டதாகப் பலர் எண்ணுவர். அது சரியன்று. உடலின் தேவைக்கேற்பக் குருதியைச் செலுத்த இயலாத நிலையையே மருத்துவர் அவ்வாறு குறிப்பிடுகின்றனர். மூச்சுத்திணறல், கால் வீக்கம், ஓயாத களைப்பு ஆகியன இதன் அறிகுறிகள். நெடுங்காலம் நீடிக்கும்போது இது நாட்பட்ட இதயச் செயலிழப்பு எனப்படுகிறது.

அகப்படலத்தின் பணி

குருதிக்குழாயின் உட்புறத்தை ஒற்றை அடுக்குச் செல்களாலான மெல்லிய படலம் போர்த்தியுள்ளது. இது அகப்படலம் ஆகும். வெறும் உறையாகவே பார்க்கப்பட்டு வந்த இதன் பெருமையை, 1980ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியலறிஞர் இராபர்ட் ஃபர்ச்காட்டின் ஆய்வு உணர்த்தியது. முயலின் பெருந்தமனித் துண்டில் அசிட்டைல்கோலின் என்னும் பொருளைச் சேர்த்தபோது அது தளர்ந்தது. அகப்படலம் உரசி நீக்கப்பட்ட துண்டோ தளரவில்லை. தளர்வதற்கான கட்டளை அப்படலத்திலிருந்தே பிறக்கிறது என்பது புலனாயிற்று. அக்கட்டளையைச் சுமந்து செல்வது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு எனப் பின்னர் அறியப்பட்டது. இத்துறை ஆய்வுக்காக ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரித் முராத் ஆகிய மூவரும் 1998இல் நோபல் பரிசு பெற்றனர்.

காவலே பகையாதல்

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, வீங்கி, சூடேறி வலிக்கிறது. இதுவே அழற்சி. சைட்டோகைன்கள் எனப்படும் புரதங்கள் வெள்ளையணுக்களை அவ்விடத்திற்கு அழைக்கின்றன. காயம் ஆறியதும் அழற்சி அடங்கிவிடும்.

தளர்ந்த இதயம் உடையோரிடம் அது எளிதில் அடங்குவதில்லை. கடுமையான நாட்பட்ட இதயச் செயலிழப்புற்றோர் குருதியில் டி.என்.எஃப். ஆல்ஃபா என்னும் சைட்டோகைன் மிகுந்திருப்பதை 1990இல் ஆய்வாளர் வெளியிட்டனர். ஓயாத அழற்சியால் அகப்படலத்தின் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது; குழாய்கள் வேண்டியபோது விரிவதில்லை. குறுகிய குழாய்களுக்குள் குருதியைத் தள்ள முயன்று இதயம் மேலும் தளர்கிறது. அத்தளர்ச்சி அழற்சியை மீண்டும் தூண்டுகிறது.

தடுத்தால் தீருமா?

அப்புரதத்தைத் தடுத்தால் நோய் தணியும் என மருத்துவ உலகம் நம்பியது. மூட்டழற்சிக்குப் பயன்படும் இன்ஃப்ளிக்சிமாப் என்னும் மருந்து இதயநோயாளரிடம் சோதிக்கப்பட்டது. 2003இல் வெளியான முடிவு நம்பிக்கைக்கு மாறாக அமைந்தது. அம்மருந்தை அதிக அளவில் பெற்றோருக்கு நன்மைக்கு மாறாகத் தீங்கே மிகுந்தது. இதயத்தசையைக் காக்கும் பணியும் அப்புரதத்திற்கு உண்டு என விலங்காய்வுகள் உணர்த்துகின்றன. குருதியில் மிகுந்து காணப்படும் ஒரு பொருளை நோயின் ஒரே காரணமாகக் கொள்ளலாகாது என்பதே இச்சோதனை கற்பித்த பாடம்.

எளிய வழி ஒன்றும் உண்டு. உடற்பயிற்சியின்போது குருதி விரைந்து பாய்ந்து அகப்படலத்தை வருடிச் செல்கிறது. அவ்வருடலே நைட்ரிக் ஆக்சைடு உருவாகத் தூண்டுகிறது. மருத்துவரின் வழிகாட்டுதலுடன் செய்யும் பயிற்சி, இதயம் தளர்ந்தோரிடமும் குழாய்களின் விரியும் திறனை மேம்படுத்துகிறது. புகைப்பழக்கமோ அப்படலத்தை இளமையிலேயே சிதைக்கத் தொடங்குகிறது. கண்ணுக்குப் புலப்படாத அம்மெல்லிய படலத்தைக் காக்கும் பொறுப்பு, நோய் வருமுன்னரே நம்மிடம் உள்ளது.