அடுக்குக்குள் அடுக்கு: ஸ்டைல்ஷீட் விதிகளுக்கு எல்லை எதற்கு?

இணையப் பக்கமொன்றில் எழுத்தின் நிறம் எது, தலைப்பின் அளவு என்ன, ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பனவற்றை நிர்ணயிக்கும் விதிகளை, பக்கத்தின் உள்ளடக்கத்தினின்று பிரித்துத் தனியே எழுதிவைக்கலாம் என்ற யோசனையை, ஜெனீவாவை அடுத்த சேர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் பணிபுரிந்துவந்த நார்வேக்காரரான ஹோக்கன் வியும் லீ 1994 அக்டோபரில் வெளியிட்டார். பெர்ட் போஸ் என்பவரின் ஒத்துழைப்போடு செப்பனிடப்பட்ட அந்த யோசனை, 1996 டிசம்பரில் சி.எஸ்.எஸ். என்னும் பெயரில் தரநிலையாக அங்கீகாரம் பெற்றது. அம்மொழியில் ஒவ்வொரு விதியும் தனித்தே நின்றது. ஒரு விதியின் வயிற்றுக்குள் மற்றொரு விதியை வைத்து எழுதும் சௌகரியம் அதில் இல்லை.

அந்தச் சௌகரியத்தைப் பரவச் செய்தவை 2006-இல் தோன்றிய சாஸ், 2009-இல் தோன்றிய லெஸ் ஆகிய துணைமொழிகள். அடுக்கடுக்காக எழுதப்பட்ட விதிகளை இவை பிரித்து, பிரௌசருக்குப் புரியும் சாதாரண சி.எஸ்.எஸ். ஆக மாற்றித் தந்தன. 2023-ஆம் ஆண்டில் குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய மூன்று பிரௌசர்களும் நெஸ்டிங் எனப்படும் இந்த அடுக்குமுறையைத் தாமே நேரடியாக ஏற்றுக்கொண்டுவிட்டமையால், எத்தனை அடுக்கு வரை போகலாம் என்ற கேள்வி இன்று ஸ்டைல்ஷீட் எழுதும் அனைவருக்கும் உரியதாகிவிட்டது.

கண்ணுக்கு ஒழுங்கு, விதிக்குச் சுமை

இணையப் பக்கமே ஒரு மரம்போல் கிளைத்த அமைப்புடையது. செய்திப் பக்கத்தினுள் ஒரு பக்கப்பட்டி, அதனுள் ஒரு பட்டியல், அதனுள் ஓர் உருப்படி, அதனுள் ஓர் இணைப்பு என்று எச்.டி.எம்.எல். அமைந்திருக்கையில், விதிகளையும் அதே வரிசையில் ஒன்றனுள் ஒன்றாக எழுதிவிட்டால் பார்வைக்கு அது மிக நேர்த்தியாகவே இருக்கும். ஆனால் பிரௌசருக்குப் போய்ச் சேர்வது அந்த நேர்த்தி அன்று. ஐந்து பெயர்களைக் கோத்த நீண்டதொரு செலக்டர், அதாவது விதி எந்தப் பொருளைத் தொடும் என்று சுட்டும் பகுதி. இணைப்பு நீலமாக இருக்க வேண்டும் என்பதே எழுதியவரின் கருத்து. அவர் எழுதியதோ, இணைப்பு உருப்படிக்குள்ளும், உருப்படி பட்டியலுக்குள்ளும், பட்டியல் பக்கப்பட்டிக்குள்ளும், பக்கப்பட்டி செய்திப் பக்கத்துக்குள்ளும் இருந்தால் மட்டுமே அது நீலமாகலாம் என்ற நான்கு நிபந்தனைகளையும் சேர்த்ததொரு சாசனம். புளியமரத்துக்கு மேற்கே, கடைக்கு எதிரே என்று அடையாளங்களைக் கூட்டிக்கொண்டே போன விலாசம், மரம் வெட்டப்பட்ட மறுநாள் பயனற்றுப்போவதைப் போல, அந்த இணைப்பைப் பக்கத்தின் அடிப்பகுதிக்கு மாற்றிய மாத்திரத்தில் விதியும் செயலிழந்து நிற்கிறது.

இரண்டாவது அபாயம் விதிகளின் பலாபலத்தைப் பற்றியது. ஒரே பொருளின்மேல் இரண்டு விதிகள் மோதும்போது எது வெல்லும் என்பதற்கு, ஒரே ஒரு பொருளுக்கு இட்ட பெயரான ஐ.டி., பல பொருள்களுக்குப் பொதுவான பெயரான கிளாஸ், பொருளின் வகையைக் குறிக்கும் டேக் என மூன்று பத்திகளாக எண்ணி, இடமிருந்து வலமாக ஒப்பிடும் ஸ்பெசிஃபிசிட்டி என்ற கணக்கு உண்டு. இரண்டு கிளாஸும் மூன்று டேக்கும் சேர்ந்த ஐந்தடுக்கு விதியொன்று இணைப்பை நீலமாக்கியிருக்க, ஒற்றை கிளாஸ் கொண்ட எளிய விதியால் அதைச் சிவப்பாக்க முயல்பவர் தோற்றே தீர்வார், அவ்விதியைக் கடைசியில் எழுதியிருந்தாலும். தோற்றவர் இன்னும் நீண்டதொரு செலக்டரை எழுதுவார். அல்லது எல்லாக் கணக்கையும் மீறும் இம்பார்ட்டண்ட் என்ற குறியைப் பிரயோகிப்பார். அடுத்து வருபவர் அதையும் வெல்ல வேண்டியிருப்பதால், சில வருஷங்களில் அந்தக் கோப்பில் கை வைக்க எவரும் அஞ்சும் நிலை ஏற்படுகிறது.

மூன்றாவது, பெருக்கத்தின் விபரீதம். கமாவால் பிரித்த மூன்று பெயர்கள் வெளியடுக்கிலும், மூன்று நடுவிலும், மூன்று உள்ளிலும் இருந்தால், சாஸ் அவற்றை விரித்து 27 செலக்டர்களாக எழுதிவிடும். ஒரு ஸ்டைல்ஷீட்டில் 4,095 செலக்டர்களுக்கு மேற்பட்டவற்றைக் கவனியாமல் விட்டுவிட்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 9 வரையிலான பதிப்புகளின் காலத்தில் இது கைமேல் பலன் தரும் தவறாக இருந்தது. பிரௌசரின் நேரடி நெஸ்டிங்கில் இந்தப் பெருக்கம் இல்லையாயினும் வேறொரு நுட்பம் உண்டு: வெளியடுக்குப் பட்டியலில் ஒரே ஒரு ஐ.டி. இருந்தாலும், அதன் முழுப் பலமும் உள்ளிருக்கும் விதிகள் அனைத்துக்கும் வந்துவிடுகிறது. சாஸிலிருந்து நேரடி நெஸ்டிங்குக்கு மாறுவோர் இதைக் கவனிப்பது அவசியம்.

எந்த எண், எதற்கு விலக்கு?

கனவுக்குள் கனவாகச் செல்லும் ‘இன்செப்ஷன்’ என்ற 2010-ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் பெயரைச் சூட்டி, நான்கு அடுக்குக்கு மேல் இறங்கலாகாது என்ற விதியொன்று சாஸ் பயில்வோரிடையே வழங்கிவந்தது. எஸ்.சி.எஸ்.எஸ்.-லின்ட் என்ற சோதனைக் கருவி தானாக வைத்துக்கொண்ட வரம்பு மூன்று. ஸ்டைல்லின்ட் என்ற கருவியோ வரம்பை அந்தந்தக் குழுவே குறிக்கும்படி விட்டிருக்கிறது. சுட்டி மேலே வந்து நிற்கும் நிலைக்கான ஹோவர் போன்ற விதிகளும், திரையின் அகலத்துக்கேற்ப மாறும் மீடியா விதிகளும் உள்ளே எழுதப்பட்டாலும், பக்கத்தின் கிளையமைப்போடு புதிய பந்தம் எதையும் ஏற்படுத்துவதில்லையாதலால், அவற்றைக் கணக்கிலிருந்து விலக்கிவைப்பது நியாயமே.

எனினும் அடுக்குகளின் எண்ணிக்கை நோயின் குறியே அன்றி நோய் அன்று. ரஷ்யாவின் யாண்டெக்ஸ் நிறுவனத்தில் உருவான பெம் என்ற பெயரிடும் முறையைச் சாஸில் பின்பற்றுவோர், உட்பெயரை வெளிப்பெயரோடு ஒட்டி எழுதும்போது, அடுக்கு ஆழமாயிருந்தும் வெளிவரும் செலக்டர் ஒற்றைக் கிளாஸாகவே இருக்கும். மாறாக, வரம்புக்கு அஞ்சி ஐந்து பெயர்களையும் ஒரே வரியில் கோத்து எழுதுபவரோ, அடுக்கே இல்லாமல் அத்தனை தீமையையும் வருவித்துக்கொள்வார். இதனாலேயே ஸ்டைல்லின்ட், செலக்டரில் கோக்கப்படும் உறுப்புகளை எண்ணுவதற்கு வேறொரு விதியைத் தனியே வைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து அமல்படுத்தும் குழுவே நோக்கத்தை அறிந்து வரம்பிட்டதாகும். கருவி இல்லாதவருக்கும் வழி உண்டு: ஓர் அடுக்கை எடுத்துவிட்ட பின்னும் விதி தான் நாடிய பொருளை மட்டுமே தொடுமானால், அந்த அடுக்கு அங்கே இருந்திருக்க வேண்டியதில்லை.