நாகமுலாமும் பண்டத்தின் இரு முகங்களும்

உருக்குப் பொருள்களுக்கு நாகமுலாம் இடுவது பற்றி இலக்கிய ஆய்வாளன் ஒருவன் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். பயன்மதிப்பும் பரிமாற்றமதிப்பும் ஒருங்கே அமைந்ததே பண்டம் என மார்க்ஸ் 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தின் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டினார். அவ்விரண்டினதும் முரண்பாட்டை மைக்கிரோன் கணக்கில் அளந்து காட்டத்தக்க துறை இது. ஏற்றுமதி வணிகத்தில் முலாமிடும் முறையைத் தெரிவுசெய்கையில் அம்முரண்பாடு எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உருகிய நாகத்தில் இரும்பைத் தோய்க்கும் முறையை மலூவான் 1742 இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் முன் எடுத்துரைத்தார். அதனைத் தொழின்முறையாக்கிய காப்புரிமைகள் 1830களில் எழுந்தன. பின்னர் பிரித்தானிய ஆலைகளின் நெளிதகடு குடியேற்ற நாடுகளெங்கும் சென்றது. நமது மலையகத்து லயங்களின் தகரக் கூரையும் அவ்வணிக வரலாற்றின் எச்சமே.

இன்று வழக்கிலுள்ள முறைகளுள் இரண்டு முதன்மையானவை. சூடான தோய்ப்பு முறையில், அமிலத்தாற் சுத்திகரிக்கப்பட்ட உருக்கு ஏறத்தாழ 450 பாகை செல்சியசில் உருகிய நாகத்துள் அமிழ்த்தப்படும். இரும்பும் நாகமும் கலந்த கலப்புலோகப் படைகள் உருவாகி, முலாம் உருக்கோடு ஒன்றிவிடும். ஐ.எஸ்.ஓ. 1461 நியமப்படி, 6 மில்லிமீற்றரிலும் தடித்த உருக்கில் முலாமின் சராசரித் தடிப்பு 85 மைக்கிரோனுக்குக் குறைதலாகாது. மின்முலாமிடலிலோ, நாக உப்புக் கரைசலூடாக மின்னோட்டம் செலுத்தப்பட்டுப் பொதுவாக 5 முதல் 25 மைக்கிரோன் வரையான மெல்லிய படை படிவிக்கப்படும். அது வழுவழுப்பானது, பளபளப்பானது, திருகாணியின் புரிகளைக் கெடுக்காதது.

இவ்வேறுபாட்டின் பொருளைக் கணக்கிட்டு நோக்குவோம். ஐ.எஸ்.ஓ. 9223 நியமம் சி-4 என வகுக்கும் அரிப்பு மிகுந்த சூழலில், நாகம் ஆண்டுக்கு 2.1 முதல் 4.2 மைக்கிரோன் வரை தேய்கின்றது. அங்கே 85 மைக்கிரோன் முலாம் 20 முதல் 40 ஆண்டுகள் வரை நிலைக்கும். 10 மைக்கிரோன் முலாமோ ஐந்தாண்டுகளையும் எட்டாது.

இதனால் மின்முலாம் இழிந்தது என முடிவுகட்டுதல் இயங்கியல் நோக்காகாது. மழை படாத உள்ளறைப் பொருள்களுக்கும், நுண்ணளவு வேண்டும் சிறு உறுப்புகளுக்கும் அதுவே பொருத்தமானது. ஆனால் மிகு வலுவுடைய திருகாணிகளில் ஐதரசன் புகுந்து உருக்கை நொறுங்கச் செய்யும் அபாயம் அதில் உண்டு. எனவே தெரிவு, பொருள் பயன்படும் பருநிலைச் சூழலாலேயே தீர்மானிக்கப்படல் வேண்டும்.

சந்தை இவ்வாறு தீர்மானிப்பதில்லை. ஒப்பந்தத்தில் ‘கல்வனைசுப்படுத்தியது’ என்னும் ஒரு சொல் இரு முறைகளையும் மூடிமறைக்கின்றது. துறைமுகத்தில் மெல்லிய முலாமே கூடுதலாகப் பளபளக்கும்; விலையும் குறைவு. தகட்டின்மேல் எழுதப்படும் 275 கிராம் என்பதும் இருபுறத்துக்கும் சேர்த்தே. ஒருபுறத்திற் படிவது ஏறத்தாழ 20 மைக்கிரோன்தான். இலாபம் கப்பலேறும்போதே கைக்கு வந்துவிடுகிறது; துருவோ பல ஆண்டுகள் கழித்து, ஒப்பந்தத்தைக் கண்ணாலும் காணாத குடியானவனின் வேலியிலும் கூரையிலும் வந்து சேர்கிறது. ஆதலின் வாங்குவோர் முறை, நியமம், தடிப்பு, அதனை அளக்கும் வழி ஆகியவற்றை எழுத்தில் வேண்டுதல் அவசியம். ஈரம் தேங்கிய கொள்கலனில் எம்முலாமும் வெண்துருப் பிடிக்குமாதலின், பொதியிடலும் ஒப்பந்தத்தில் இடம்பெறல் வேண்டும்.

இன்னொரு கணக்கும் எஞ்சியுள்ளது. அமில ஆவியும் உலோகப் புகையும் இரு வகைப் பட்டறைகளிலும் உழைப்பவனின் நெஞ்சிலேயே படிகின்றன. மின்முலாமுக்கு மெருகூட்டிய அறுவலுக் குரோமியத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2006 இல் மின், மின்னணுச் சாதனங்களில் மட்டுப்படுத்தியது. நுகர்வோனின் சந்தையிலிருந்து பிறந்த அவ்விதி, ஏற்றுமதி நாட்டுத் தொழிலாளியை எட்டியது தற்செயலே. முலாமின் தடிப்பை அளக்கக் கருவியுண்டு. அதனை இட்ட கைகளின் தேய்வை அளக்கும் நியமம் எந்த ஒப்பந்தத்தில் எழுதப்படும் என்பதே நம்முன் உள்ள வினா.