பூச்சிக் காட்சியகங்கள்

உயிருள்ள பூச்சிகளையோ பதப்படுத்தப்பட்ட பூச்சிகளையோ மக்கள் பார்வைக்கு வைக்கும் இடம் பூச்சிக் காட்சியகம் ஆகும். இது உயிரியல் பூங்காவின் ஒரு பகுதியாகவோ அருங்காட்சியகமாகவோ வண்ணத்துப்பூச்சிப் பூங்காவாகவோ அமைகிறது. லண்டன் உயிரியல் பூங்காவில் 1881ஆம் ஆண்டிலேயே பூச்சிகளுக்கெனத் தனிக் கூடம் திறக்கப்பட்டது.

தென்னிந்தியக் காட்சியகங்கள்

தருமபுரி மாவட்டத்தினர் ஒரே நாளில் சென்று திரும்பக்கூடியது, பெங்களூரு அருகே பன்னேருகட்டா உயிரியல் பூங்காவில் 2006இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. இங்கு கூரையிட்ட வட்டக் கூடத்துக்குள் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகளின் ஊடே பார்வையாளர்கள் நடந்து செல்கின்றனர். திருச்சிராப்பள்ளி மாவட்டம் திருவரங்கம் அருகே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட மேலணைக் காப்புக்காட்டில், வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015 முதல் செயல்படுகிறது. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018இல் பூச்சிகள் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

பராமரிக்கும் முறை

வண்ணத்துப்பூச்சிப் பூங்காவின் அடிப்படை கூண்டு அன்று, செடிகளே. முதிர்ந்த பூச்சிக்குத் தேன் தரும் பூக்களும், புழுவுக்குத் தின்ன உணவுச்செடியும் வேண்டும். வெந்தய வரியனின் புழு எருக்கிலையைத் தின்னும். கறிவேப்பிலை அழகியின் புழு கறிவேப்பிலை, எலுமிச்சை இலைகளைத் தின்னும். சிவப்புடல் அழகியின் புழுவுக்கு ஆடுதின்னாப்பாலை உணவாகும். பெரும்பாலான வண்ணத்துப்பூச்சிகள் சில வாரங்களே வாழ்வதால், முட்டையிலிருந்து வளர்த்துத் தொடர்ந்து பூங்காவில் விட்டுவர வேண்டியுள்ளது.

மக்கள் ஆர்வம்

பார்வையாளர்களின் ஆர்வம் பெரிதும் வண்ணத்துப்பூச்சிகள் மீதே உள்ளது. அவற்றை ரசிப்போர் பலர், அவற்றின் புழுவைக் கண்டால் அருவருத்து நசுக்கிவிடுகின்றனர். புழு உண்ணும் செடியையும் களை என்று பிடுங்கிவிடுகின்றனர். இரண்டும் ஒரே உயிர் என்பதை, முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி ஆகிய நான்கு நிலைகளையும் அருகருகே வைப்பதன் மூலம் காட்சியகம் விளக்க முடியும். 2019இல் தமிழ் மறவன் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டதும் இவ்வினங்கள் மீது கவனத்தைத் திருப்பியது.

அழகற்ற பூச்சிகளுக்கும் காட்சியகங்களால் பயனுண்டு. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஆஸ்திரேலியாவின் லார்டு ஹவ் தீவுக் குச்சிப்பூச்சி 2001இல் மீண்டும் கண்டறியப்பட்டது. 2003 முதல் மெல்போர்ன் உயிரியல் பூங்கா அதை இனப்பெருக்கம் செய்து காத்துவருகிறது.

தருமபுரி மாவட்டத்தில்

நகரத்தார் கட்டணம் செலுத்திக் காணும் இந்த வாழ்க்கைச் சுழற்சி, பாலக்கோடு, பென்னாகரம் பகுதிகளில் பட்டு வளர்ப்போர் வீடுகளில் அன்றாடக் காட்சியாகும். மல்பெரி இலையைத் தின்னும் பட்டுப்புழு நான்கு முறை தோலுரித்து, ஏறத்தாழ 25 நாளில் கூடு கட்டத் தொடங்கும். தருமபுரியின் பட்டுக்கூடு அங்காடி தமிழ்நாட்டின் முக்கிய அங்காடிகளுள் ஒன்று. புழுவை அருவருப்பின்றி, நோயின்றி வளர்க்கும் அறிவு இம்மாவட்ட உழவர்களிடம் ஏற்கெனவே உண்டு. ஒகேனக்கல்லில் முதலைகளைக் காணவரும் மாணவர்களுக்குப் பட்டுப்புழு வளர்ப்பு மனையையும் காட்டினால், பூச்சிகளைப் பற்றிய முதல் பாடம் அங்கேயே கிடைத்துவிடும். பள்ளி வேலியோரம் எருக்கையும் கறிவேப்பிலையையும் வெட்டாமல் விட்டால் அதுவே கூண்டில்லாக் காட்சியகமாகும்.