அஞ்சல் பெட்டிக்கு யார் காவல்?

அவலூர்பேட்டை உழவன் பட்டா கேட்டுக் கலெக்டருக்கு மனு அனுப்புகிறான். அஞ்சலகத்தில் தந்த ரசீதை நாலாய் மடித்து மடியில் செருகிக்கொள்கிறான். சர்க்கார் கையில் கொடுத்தாயிற்று, இனி கவலை இல்லை என்பது அவன் எண்ணம். அந்தச் சர்க்காரைக் கவனிப்பது யார், தோழர்களே?

1898-இல் வெள்ளையன் போட்ட அஞ்சல் சட்டத்தை நீக்கி, 2023 டிசம்பரில் புதுச் சட்டம் நிறைவேற்றினர். 2024 ஜூன் 18-இல் அது நடைமுறைக்கு வந்தது. வெள்ளையன் சட்டம் ஒழிந்தது, மகிழ்ச்சி! ஆனால் வந்த சட்டத்தின் 9-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டி, மத்திய சர்க்கார் அதிகாரம் தந்த அதிகாரி உன் கடிதத்தை நிறுத்தலாம், பிரிக்கலாம், வைத்துக்கொள்ளலாம். பிரித்தது முறைதானா என்று பார்க்க ஒரு குழுவேனும் உண்டா? சட்டத்துக்குள் தேடினேன், இல்லை. 10-ஆம் பிரிவோ, விதிகளில் சொன்னது தவிர அஞ்சலகத்துக்குப் பொறுப்பே கிடையாது என்கிறது. பெட்டியும் அவர்களுடையது, பூட்டும் அவர்களுடையது, திருட்டு விசாரணையும் அவர்களுடையதே!

இது புதிய ஆசையுமல்ல. 1986-இல் ராஜீவ் காந்தி ஆட்சி இதே போன்றதொரு மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்திடாமல் வைத்திருந்தார். பின்வந்த வெங்கட்ராமன் திருப்பியனுப்பினார். 2002-இல் அது கைவிடப்பட்டது. தொலைபேசியை ஒட்டுக்கேட்பதற்கு ஆய்வுக் குழு வேண்டும் என்று 1996-இல் உச்சநீதிமன்றம் கட்டளையிட்டது. பேச்சுக்கு உள்ள காப்பு எழுத்துக்கு ஏன் இல்லை?

"அப்படியானால் எல்லாவற்றையும் தனி ஆணையத்திடம் விட்டுவிடுவோம்" என்பார் சிலர். அவசரப்பட வேண்டாம். பிரிட்டனில் 2011 முதல் ஆஃப்காம் என்ற தனி அமைப்புதான் அஞ்சலைக் கண்காணிக்கிறது. 2013-இல் ராயல் மெயில் பங்குச் சந்தைக்குப் போயிற்று. கடிதம் தாமதமானதற்கு 2025-இல் 2 கோடியே 10 லட்சம் பவுண்டு அபராதம் போட்டார்கள். பலே! ஆனால் அதே ஆண்டு, இரண்டாம் வகுப்புக் கடிதத்தை ஒன்றுவிட்டு ஒருநாள் கொடுத்தால் போதும் என்று அனுமதித்ததும் அந்த அமைப்புதான். முதல் வகுப்புத் தபால்தலையும் 2025-இல் 1 பவுண்டு 70 பென்ஸ் ஆயிற்று.

நம் கதைக்கு வருவோம். 2019 ஜூலை 14 அன்று தபால்காரர் தேர்வை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் நடத்தினார்கள். தமிழகக் கிராமத்தில் கடிதம் கொடுக்க இந்தி எதற்கு? மாநிலங்களவை அமளிப்பட்டது. இரண்டே நாளில் அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் தேர்வை ரத்து செய்தார். அமைச்சர் சபையில் இருந்தார், மடக்கிப் பிடித்தோம். ஆணையத் தலைவர் எந்தச் சபையில் வந்து நிற்பார்?

ஆகவே, அஞ்சல் சர்க்காரிடமே இருக்கட்டும், சபையில் கேள்வி கேட்போம். கடிதத்தைப் பிரிக்கும் அதிகாரத்துக்கும் தொலைந்த தபாலின் வழக்குக்கும் மட்டும் வெளியார் கண் வேண்டும். 9-ஆம் பிரிவின் கீழ் எத்தனை கடிதம் பிரித்தீர்கள், யார் ஆணையால் பிரித்தீர்கள் என்று நம் உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரிலேயே கேட்கட்டும்.