தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் சிற்பங்கள்

தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் திண்டுக்கல் நகருக்கு வடக்கே, கரூர் செல்லும் சாலையை ஒட்டி, குடகனாற்றின் கரையில் அமைந்துள்ள வைணவக் கோயில். இங்குள்ள ரங்க மண்டபத் தூண் சிற்பங்கள் நாயக்கர் காலச் சிற்பக்கலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள். கோயில் இந்து சமய அறநிலையத்துறையின் நிர்வாகத்தில் உள்ளது.

தொன்மம்

திண்டுக்கல்லுக்குத் தெற்கே சிறுமலையும், அதற்கும் தென்கிழக்கே அழகர்மலையும் உள்ளன. அழகர்மலையில் கோயில் கொண்ட கள்ளழகரே இங்கும் எழுந்தருளியிருப்பதாகத் தலபுராணம் கூறுகிறது. சாபத்தால் தவளை வடிவம் பெற்ற மண்டூக முனிவர் இங்கு தவம் செய்தபோது தாளாசுரன் என்னும் அசுரன் இடையூறு செய்தான். முனிவரின் வேண்டுதலை ஏற்று வந்த அழகர், அசுரனை அழித்து இங்கேயே தங்கினார் என்பது கதை. சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்குவதைப் போல, இத்தலத்துப் பெருமாள் குடகனாற்றில் இறங்குகிறார்.

ரங்க மண்டபம்

ஐந்து நிலை ராஜகோபுரத்தைக் கடந்தால் மூலவர் சன்னதியும், கல்யாண சௌந்தரவல்லித் தாயாருக்குரிய தனிச் சன்னதியும் உள்ளன. ரங்க மண்டபம் தாயார் சன்னதியின் முன் உள்ளது.

நாயக்கர் கால மண்டபங்களில் தூணும் சிற்பமும் ஒரே கல்லில் அமைந்தவை. கல்லின் ஒரு பகுதி தூணாக நின்று போதிகை வழியாகக் கூரையின் எடையைத் தாங்கும். அதன் முன்பகுதி ஏறத்தாழ முழு உருவச் சிற்பமாக வெளியே வரும். கைக்கும் உடலுக்கும் இடையே உள்ள கல்லைக் குடைந்து நீக்குவதே இதில் கடினமான பணி. ஒரு விரல் முறிந்தால் வேறு கல்லைப் பொருத்தி முன்போல் ஆக்க முடியாது. கருங்கல் கடினமானது என்றாலும், மெல்லியதாகச் செதுக்கப்பட்ட இடங்களில் எளிதில் உடையக்கூடியது.

சிற்பங்கள்

இம்மண்டபத்தின் சிற்பங்களில் முக்கியமானவை:

வைகுந்தநாதர்: ஆதிசேடன் மீது அமர்ந்த கோலம்.

உலகளந்த பெருமாள்: ஒரு காலை மண்ணில் ஊன்றி, மறுகாலை விண்ணை நோக்கித் தூக்கிய கோலம்.

இரணிய யுத்தம், இரணிய வதம்: ஒரே கதையின் இரு கணங்கள். முதலாவதில் நரசிம்மரும் இரணியனும் எதிரெதிர் நின்று போரிடுகிறார்கள். அடுத்ததில் இரணியன் நரசிம்மரின் மடியில் கிடக்கிறான். இரண்டையும் வரிசையாகப் பார்க்கும்போதே கதை முழுமை பெறுகிறது.

கருடன் மேல் வரும் பெருமாள், இராமர், சக்கரத்தாழ்வார், வேணுகோபாலர், கார்த்தவீரியார்ச்சுனன் ஆகியோரின் உருவங்களும், மன்மதன், ரதி சிற்பங்களும் இங்கு உள்ளன.

வைணவக் கோயிலான இங்கு அகோர வீரபத்திரர், ஊர்த்துவ தாண்டவர், காளி ஆகிய சைவ மரபுச் சிற்பங்களும் இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது. ஊர்த்துவ தாண்டவரையும் காளியையும் இணைத்துப் பார்த்தால், நடனப் போட்டியில் சிவன் காலைத் தலைக்கு மேல் தூக்கக் காளி தோற்ற கதை விளங்கும். நாயக்கர் காலத்துச் சிற்ப மரபு சைவ, வைணவ எல்லைக்குள் அடங்கவில்லை என்பதற்கு இவை சான்று.

பிற மண்டபங்களுடன் ஒப்பீடு

திருமலை நாயக்கர் (1623–1659) கட்டிய மதுரை புதுமண்டபம், திருநெல்வேலிக்கு அருகிலுள்ள கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயில், அழகர்கோயில் கல்யாண மண்டபம் ஆகியவற்றிலும் இத்தகைய தூண் சிற்பங்களைக் காணலாம். இரணிய வதம், உலகளந்த பெருமாள், மன்மதன், ரதி ஆகிய உருவங்கள் அழகர்கோயிலிலும் உள்ளன. தலபுராணத்தில் மட்டுமின்றிச் சிற்பங்களின் கருப்பொருளிலும் இரு கோயில்களும் உறவுடையவை.

பாதுகாப்பு

கோயில் தூண்களில் காலங்காலமாகப் பூசப்பட்ட சுண்ணாம்பும், படியும் எண்ணெய்ப் பிசுக்கும் நகைகளின் நுண்ணிய வேலைப்பாடுகளை மறைத்துவிடும். அவற்றை நீக்க ஒரு காலத்தில் தமிழகக் கோயில்களில் மணல் வீச்சு முறை கையாளப்பட்டது. அழுக்கோடு கல்லின் மேற்பரப்பும் தேய்ந்ததால் அம்முறை பின்னர் தடை செய்யப்பட்டது. சிற்பங்களின் மேல் விளக்கு ஏற்றாமலும், எண்ணெய், குங்குமம் பூசாமலும், நீட்டிய கைகளைப் பிடிக்காமலும் இருப்பது வழிபட வருவோர் செய்யக்கூடிய பாதுகாப்பு.